நறுமணமும் நெஞ்சின் நடுக்கமும்

நம் கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதுமாறு ஆசிரியர் பணித்தபோது, எழுதத் தக்கது என்னிடம் யாதுளது என்று சில நாள் மயங்கினேன். இலக்கண ஆராய்ச்சிக்கோ சரித்திர ஆராய்ச்சிக்கோ யான் உரியவன் அல்லேன். அம்மயக்கத்தோடு ஒருநாள் மேசையின் இழுப்பறையைத் திறந்தபோது, பழைய கண்ணாடிக் குப்பியொன்று கண்ணிற் பட்டது. அதனுள் ஒரு துளியும் எஞ்சியிருக்கவில்லை. ஆயினும் மூடியைத் திருகிய அக்கணமே, இக்கல்லூரியில் யான் கழித்த மூன்றாண்டுகளும் என் எதிரே வந்து நின்றன. ஆதலின் அக்குப்பியின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். அஃது ஒரு நறுமணத்தின் வரலாறு. என் அச்சத்தின் வரலாறு. யான் அறியாமையாற் செய்த பெரும் பிழையொன்றின் வரலாறுமாம்.

யான் பிறந்து வளர்ந்தது நீலகிரி மலையில். யூகலிப்டஸ் என்று நூலோர் வழங்கும் மரத்தை எங்கள் மலையிற் கற்பூரமரம் என்பர். சமவெளியில் உள்ளோர் தைலமரம் என்பர். அது நம் நாட்டு மரமன்று. ஆஸ்திரேலியாவிலும் அதன் தெற்கேயுள்ள டாஸ்மேனியாத் தீவிலும் இயல்பாய் வளர்வது. 1843-ஆம் ஆண்டில் அது நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்காகவே அதனைப் பெரிதும் பயிரிட்டனர். மலையின் பழைய புல்வெளிகள் பல அம்மரத்தோப்புக்களுக்கு இடங்கொடுத்து மறைந்தன என்னும் குறையும் உண்டு; அக்குறை பொய்யன்று. எனினும் அம்மரத்தின் இலையினால் அடுப்பெரிந்த குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று.

என் தந்தையார் தைலம் காய்ச்சும் கொட்டகையொன்றிற் கூலிக்கு வேலை செய்தார். பெரிய செப்புக் கொப்பரையில் இலையை நெருக்கித் திணித்து, நீர் வார்த்து, கீழே தீ மூட்டுவர். கொதிக்கும் நீரின் ஆவி இலையிலுள்ள தைலத்தையும் உடன்கொண்டு மேலெழும். குளிர்ந்த நீர்த் தொட்டியினூடே செல்லும் குழாயிற் புகுந்து, மீண்டும் நீராகிச் சொட்டும். தைலம் நீரினும் இலேசானது. ஆகவே மேலே மிதக்கும். நூறு கிலோ இலையைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ தைலம் கிடைக்கலாம். காய்ச்சிய சக்கையே உலர்ந்தபின் மறுநாள் அடுப்புக்கு விறகாகும். அத்தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்னும் பொருளாம். மூக்கினுட் சென்றவுடன் குளிர்ந்தாற் போலத் தோன்றச் செய்வது அதுவே. இவையெல்லாம் யான் பிற்காலத்தில் அறிந்தவை. சிறுவனாய் இருந்தபோது யான் அறிந்ததெல்லாம் ஒன்றே: மாலையில் வாயிற்படியில் அம்மணம் வந்தால், அப்பா வீடு வந்துவிட்டார் என்பது.

கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று தந்தையார் இச்சிறு குப்பியை என் கையிற் கொடுத்தார். “தம்பி, சளி பிடித்தால் கைக்குட்டையில் ஒரு துளி விட்டு மோந்துகொள். வாயில் மட்டும் விட்டுவிடாதே, அது விஷம்” என்றார். மலையைவிட்டு இறங்கிய பேருந்தில் அக்குப்பியைச் சட்டைப்பையில் வைத்து, வழிநெடுக அதன்மேற் கைவைத்தவாறே வந்தேன்.

முதலாண்டுப் பரீட்சை வந்தது. அன்று வரை அச்சம் என்பது மனத்தில் மட்டும் நிகழ்வதென்று எண்ணியிருந்தேன். பரீட்சை மண்டபத்தின் வாயிலில் நின்றபோது, அது சரீரம் முழுவதையும் ஆட்கொள்வதென்று கண்டேன். நெஞ்சு முரசுபோல அடித்தது. உள்ளங்கை வியர்த்தது. நா வறண்டது. மூச்சு மேலே மேலே வந்து, உள்ளே இறங்க மறுத்தது. படித்ததெல்லாம் பனிபோல மறைந்தது. இதனை வைத்திய நூலார் எளிதில் விளக்குவர். ஆபத்து வந்ததென்று மூளை கருதிய மாத்திரத்தில், சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன, இதயம் விரைகின்றது, தசைகள் இறுகுகின்றன, ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகின்றது. காட்டிற் புலியைக் கண்டவனுக்கு அது பேருதவி. வினாத்தாளைக் கண்டவனுக்கோ பெருந்தொல்லை.

யாது செய்வதென்று அறியாது கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். முதல்நாள் சளிக்காக விட்ட தைலத்தின் மணம் அதிலிருந்தது. அதனை ஆழ்ந்து இழுத்தேன். கொட்டகையும், புகையும், ஈரமான மலைக்காற்றும், தந்தையாரின் தோளும் நினைவுக்கு வந்தன. சில நிமிஷங்களில் நெஞ்சின் அடிப்பு தணிந்தது. உள்ளே சென்று எழுதினேன், தேறினேன்.

அதன்பின் யான் அத்தைலத்தின் பக்தனானேன். எவனுக்குத் தலைவலி என்றாலும், எவன் தூங்கவில்லை என்றாலும், எவன் வீட்டு நினைவால் வாடினாலும், என் குப்பி அங்கே செல்லும். விடுதியில் எனக்குத் ‘தைல வைத்தியர்’ என்னும் பட்டமும் கிடைத்தது. பரிகாசமாக இட்ட பெயரை யான் மெய்யாகவே ஏற்றுக்கொண்டேன் என்பதை இப்பொழுது நினைக்க நாணமாயிருக்கிறது.

இரண்டாம் ஆண்டுப் பரீட்சைக்கு முந்திய இரவு. என் அறைத்தோழன் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தான். விளக்கேற்றிப் பார்த்தேன். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. கண்களில் திகில் தெரிந்தது. யான் பரீட்சை வாயிலில் நின்ற நிலை என் நினைவுக்கு வந்தது. இதுவும் அதே அச்சந்தான் என்று ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டேன். சிறுவயதில் தனக்கு இழுப்பு நோய் இருந்ததென்று அவன் ஒருமுறை சொல்லியிருந்தான். அஃது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. குளிர்காற்று ஆகாதென்று சன்னலைச் சாத்தினேன். கைக்குட்டையில் ஒன்றிரண்டல்ல, குப்பியில் பாதியைக் கவிழ்த்து, அவன் மூக்கோடு சேர்த்துப் பிடித்தேன். அவன் தலையை அசைத்து விலகப் பார்த்தான். யான் விடவில்லை. “இழு, நன்றாக இழு, சரியாகிவிடும்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவன் கையை நீட்டிச் சன்னலைக் காட்டினான். அதன் பொருளும் எனக்கு விளங்கவில்லை.

சிறிது நேரத்தில் அவன் உதடுகள் நீலம் பாய்ந்தன. மார்பினுள்ளே சீழ்க்கையொலி கேட்டது. அப்பொழுதுதான் இஃது அச்சமன்று என்பது என் மரமண்டையில் ஏறிற்று. கூவினேன். விடுதிக் காவலரும் மாணவர் நால்வரும் ஓடிவந்து, அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தனர். யானும் பின்னே ஓடினேன். என் கையில் அக்கைக்குட்டை இன்னும் இருந்தது. அதுகாறும் எனக்குத் தாய்வீடாய்த் தோன்றிய அந்த மணம் அவ்விரவில் என் வயிற்றைப் புரட்டியது.

அங்கே முகத்தில் ஒரு மூடியைப் பொருத்தி, பிராணவாயுவோடு மருந்தை நுண்ணிய புகைபோலாக்கி உட்செலுத்தினர். விடியுமுன் அவன் மூச்சு சீரடைந்தது. அவனைக் காத்ததும் மூக்கின் வழியே சென்ற ஒரு பொருளே என்பதை யான் கவனியாமல் இல்லை. ஆனால் அது நோயறிந்து, அளவறிந்து கொடுக்கப்பட்டது. ஆஸ்துமா எனப்படும் அந்த இழுப்பு நோய் உள்ளவர்களுக்குக் கடுமையான வாசனை எதுவும் மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்யக்கூடும் என்று டாக்டர் விளக்கினார். யான் நடந்ததை மறையாமற் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “தம்பி, மணம் நல்லதுதான். ஆனால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்காமற் கொடுப்பது வைத்தியமாகாது. உன்னை அன்று தேற்றியது எது என்று ஒருநாள் நிதானமாய் யோசித்துப் பார்” என்றார்.

அவ்வினாவை இத்தனை ஆண்டுகளாக யோசித்து வருகிறேன். நூல்களிற் படித்து அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வேன்.

மூக்கினுள்ளே மேற்புறத்தில், ஒரு சிறு பரப்பில், மணத்தை உணரும் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ நானூறு வகையான வாங்கிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மணமும் அவற்றுட் சிலவற்றை எழுப்புகின்றது. எவ்வெவை எழுந்தன என்பதைக் கொண்டே மூளை மல்லிகை என்றும் மருக்கொழுந்து என்றும் பிரித்தறிகின்றது. இவ்வாங்கிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை லிண்டா பக் என்னும் அம்மையாரும் ரிச்சர்டு ஆக்ஸல் என்பவரும் 1991-இல் கண்டு வெளியிட்டனர். அதன்பொருட்டு 2004-இல் நோபெல் பரிசு பெற்றனர். காட்சியும் ஒலியும் தலாமஸ் என்னும் இடைவாயிலைக் கடந்தே மூளையின் மேற்பரப்பை அடைகின்றன. மணமோ அவ்வாயிலுக்குக் காத்திராது, அச்சத்தையும் ஆசையையும் ஆளும் அமிக்டலா என்னும் பகுதிக்கும், நினைவைக் காக்கும் பகுதிக்கு அருகிலும் நேரே செல்கின்றது. ஒரு வாசனை வந்தவுடன், அதன் பெயரை நாம் நினையுமுன்னரே, பழைய நாளொன்று கண்முன் நிற்பதற்குக் காரணம் இதுவேயென்பர்.

பூக்களிலும் இலைகளிலுமிருந்து வடித்த தைலங்களால் நோய் தீர்க்கலாம் என்று எழுதி, ‘அரோமாதெரபி’ என்னும் பெயரைப் பரப்பியவர் கட்டபோஸே என்னும் பிரெஞ்சு ரசாயன நிபுணர். 1910-இல் தம் ஆய்வுச்சாலை விபத்தில் அவர் கைகள் வெந்தன. லவண்டர்த் தைலம் அப்புண்களுக்கு உதவியதென்று அவர் கருதினார். அவருடைய நூல் 1937-இல் வெளிவந்தது. அன்றுதொட்டு லவண்டரைப் பற்றிய ஆராய்ச்சிகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்குக் கூறுவேன்.

ஜப்பானில் ககோஷிமாப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று. லவண்டரில் உள்ள லினலூல் என்னும் பொருளின் மணத்தை எலிகளுக்கு ஊட்டினர். அவ்வெலிகளின் அச்சம் குறைந்தது, நடையோ தளரவில்லை. மோப்ப உணர்வு அழிக்கப்பட்ட எலிகளில் அப்பயன் தோன்றவில்லை. அச்சந்தணிக்கும் சில மாத்திரைகள் மூளையில் வேலை செய்யும் இடத்தை மருந்தால் அடைத்தபோதும் அப்பயன் தோன்றவில்லை. ஆகவே மணம் மூக்கின் வழியே மூளையில் மெய்யாகவே ஏதோ செய்கின்றது என்பது, எலிகளளவிலேனும், தெளிவாயிற்று.

மற்றொன்று அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்டது. உடல்நலமுள்ள 56 பேர் லவண்டர், எலுமிச்சை, வெறும் நீர் ஆகியவற்றை முகர்ந்தனர். எலுமிச்சையின் மணம் மனத்தைச் சற்று மலரச் செய்தது. லவண்டர் அதுவும் செய்யவில்லை. உடலின் நோயெதிர்ப்பையோ, தோல் ஆறும் விரைவையோ, வலியையோ இரண்டில் ஒன்றும் நலமுற மாற்றவில்லை. மனிதரிடம் நடத்திய வேறு பல சிறு சோதனைகளில் மனக்கலக்கம் குறைந்ததாகக் கண்டதும் உண்டு. ஆயின் இவ்வகைச் சோதனைகளில் ஓர் இடர் உள்ளது. மாத்திரையின் உருவில் வெறும் மாவைக் கொடுத்து நோயாளியை அறியாதிருக்கச் செய்யலாம். மணத்தை எவ்வாறு ஒளிப்பது? முகர்ந்தவன் தனக்கு யாது கொடுக்கப்பட்டதென்று அறிவான். அறிந்தவன் நலத்தை எதிர்பார்ப்பான். எதிர்பார்ப்பும் நெஞ்சைத் தணிக்கும்.

இன்னொரு செய்தி எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. புதினாவிலுள்ள மெந்தால் மூக்கை அடைந்தால், அடைப்பு நீங்கிக் காற்று தாராளமாய்ச் செல்வதாக உணர்கிறோம். அளந்து பார்த்தாலோ மூக்கின் வழி முன்போலவே இருக்கின்றது. குளிரை உணரும் நரம்புகளை அப்பொருள் தூண்டுகின்றது. குளிர்ந்த காற்று நிறையச் செல்வதாக மூளை நம்பிவிடுகின்றது. இதனைப் படித்த அன்று என் தோழனின் முகத்தை நினைத்தேன். மூச்சு திறந்தாற் போன்ற உணர்ச்சி வேறு, மூச்சு திறத்தல் வேறு. யான் அவ்விரவில் அவனுக்குக் கொடுக்க முயன்றது முன்னது. அவன் வேண்டி நின்றது பின்னது.

அங்ஙனமாயின் பரீட்சை வாயிலில் என்னைத் தேற்றியது எது? தைலத்தின் சரக்கும் ஒரு பங்கு செய்திருக்கலாம். முகர்ந்த சினியோல் நுரையீரலின் வழியே இரத்தத்திற் கலக்கின்றது என்பது உண்மை. மற்றொரு பங்கு என் தந்தையாரின் நினைவுக்கு உரியது. இன்னொரு பங்கோ யான் கனவிலும் கருதாதது. மணத்தை நன்கு முகர விரும்புவோன் மெதுவாக, ஆழமாக மூச்சை இழுக்கின்றான். அதைவிட மெதுவாக வெளிவிடுகின்றான். மூச்சை நீளமாக வெளிவிடும்போது, வேகஸ் என்னும் நரம்பு இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கின்றது. யான் தைலத்தை இழுப்பதாக நினைத்து, என்னை அறியாமலே மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

இதனை மெய்யோவென்று பார்க்கும் வாய்ப்பு இறுதியாண்டில் வாய்த்தது. என் தோழன் ஒரு பரீட்சையை இழந்து, பின்னர் எழுதித் தேறி, மீண்டும் என் அறைக்கே வந்திருந்தான். “உன்னோடு இருக்க எனக்குப் பயமில்லை, உன் குப்பியோடு இருக்கத்தான் பயம்” என்று சிரித்தான். அன்றே குப்பியை இறுக மூடிப் பெட்டியின் அடியில் வைத்தேன். இறுதிப் பரீட்சையன்று வெறும் கைக்குட்டையோடு மண்டப வாயிலில் நின்றேன். பழைய நடுக்கம் தவறாமல் வந்தது. கண்ணை மூடி, கைக்குட்டையில் அந்த மணம் இருப்பதாகவே பாவித்து, மெல்ல இழுத்து மெல்ல விட்டேன். நடுக்கம் முற்றும் நீங்கிற்று என்று சொல்லேன். பேனாவைப் பிடிக்குமளவு நீங்கிற்று, அது போதுமானதாயிருந்தது. அவன் எனக்கு முன் வரிசையில் அமர்ந்திருந்தான். திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையசைத்தான். அவன் தலையசைப்புக்கு அன்று எவ்வளவு வலிமை இருந்ததென்பதை அளக்க எக்கருவியும் இல்லை.

இவற்றைக் கூறுவதால் நம் வீட்டுப் பழக்கங்களை யான் இகழ்வதாக எவரும் எண்ணவேண்டா. சளி பிடித்த குழந்தைக்கு ஓமத்தைத் துணியில் முடிந்து முகரக் கொடுப்பதும், நொச்சியிலையிட்டு வேது பிடிப்பதும், கோடையில் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பதும் நம் பாட்டிமார் கண்ட வழிகள். அவ்வேளைகளில் பாட்டி அருகில் அமர்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தாள் என்பதையும் நாம் கணக்கிற் சேர்க்கவேண்டும். நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலமுறை வாசிக்கக் கேட்ட ஒரு வரலாறும் இங்கே நினைவுக்கு வருகின்றது. இயேசு பாடுபடுவதற்குச் சில நாள் முன்பு, பெத்தானியாவில் மரியாள் விலையேறப்பெற்ற நளதத் தைலத்தை அவர் பாதங்களிற் பூசினாள். வீடெங்கும் அதன் மணம் நிறைந்தது. நளதம் என்பது நம் இமயமலையில் விளையும் சடாமாஞ்சிலின் வேரிலிருந்து எடுப்பது. வரவிருந்த துன்பத்தை அத்தைலம் தடுக்கவில்லை. எனினும் அவள் செய்தது வீணென்று அவர் கொள்ளவில்லை.

மாணவத் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் என் அனுபவத்தால் அறிந்த சில சொற்கள். மணமுள்ள தைலங்களை ஒருபோதும் உட்கொள்ளாதீர்கள்; யூகலிப்டஸ் தைலம் சிறிதளவு வயிற்றிற் சென்றாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். கைக்குழந்தைகளின் மூக்கருகே அதனைக் கொண்டுசெல்லாதீர்கள். உங்களுக்கு இதமான மணம் அடுத்த கட்டிலில் இருப்பவனுக்குத் துன்பமாயிருக்கலாம். முதலில் அவனைக் கேளுங்கள். நடுக்கம் பரீட்சையோடு ஒழியாமல், வாரக்கணக்காய் உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமாயின், அது கைக்குட்டையால் தீரும் காரியமன்று. வெட்கப்படாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்; ஆசிரியரிடமோ நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் வந்து சொன்னால், மருந்து கொடுக்க விரையாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் கை எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

என் தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் வேலை செய்த கொட்டகையும் இப்போது இல்லை. குப்பியில் தைலமும் இல்லை. மீண்டும் நிரப்பவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. சிற்சில இரவுகளில், மனம் கலங்கும்போது, மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து, மெல்ல மூச்சை விட்டு, பின்பு எழுந்து என் அறையின் சன்னலைத் திறந்து வைக்கிறேன்.